சலுகை எனப்படும் நியாயம்: படை அதிகாரிப் பயிற்சியும் மலையக இளைஞருக்கான மருத்துவ விலக்களிப்பும்

இலங்கையின் முப்படைகளில் அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவரிடம் கல்வித் தகைமையோடு குறிப்பிட்ட உயரம், நிறை, மார்பளவு, கண்பார்வை ஆகியனவும் எதிர்பார்க்கப்படுகின்றன. இந்த இழிவெல்லைகளை எட்டாத ஒருவரை, அவருடைய குறைபாடு பயிற்சிக்கோ பணிக்கோ உண்மையில் தடையாகாது என மருத்துவரும் படைத் தலைமையும் சேர்ந்து ஆராய்ந்து ஏற்றுக்கொள்வதே மருத்துவ விலக்களிப்பு எனப்படும். இவ்விலக்களிப்பைப் பற்றி நாட்டில் வேரூன்றியுள்ள கருத்து இதுதான்: உடற்றகுதி அறிவியலால் வகுக்கப்பட்டது, அது அனைவருக்கும் பொதுவானது, அதில் தளர்வு கேட்பது படையின் தரத்தைத் தாழ்த்தக் கேட்பதாகும், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா எனத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் இளைஞருக்காக அதைக் கேட்பதோ இனத்தின் பெயரால் சலுகை தேடுவதாகும். மலையகத்தின் படித்தவர்களிடையேயும் இக்கருத்துக்குச் செல்வாக்கு உண்டு. தன்மானமுள்ள சமூகம் அளவுகோலைக் குறைக்கச் சொல்லிக் கையேந்தக்கூடாது என்பது அவர்கள் வாதம். இந்த இரு தரப்பினரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். அளவுகோல் எதை அளக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை.

உயரம் பரம்பரையால் மட்டுமே அமைவது என்ற நம்பிக்கையே இப்பிழையின் வேர். ஒரே குடும்பத்துக்குள் ஒருவர் நெடியவராகவும் இன்னொருவர் குறியவராகவும் இருப்பதற்கு மரபணு காரணமாகலாம். ஆனால் ஒரு சமூகம் முழுவதன் சராசரி உயரம் இன்னொரு சமூகத்தினதைவிடத் தாழ்ந்திருக்கும்போது, அதற்கான விடையை முதலில் தேட வேண்டிய இடம் அடுப்படியும் கருவுற்ற தாயின் நாளாந்த வேலையும் குடிநீரும்தான். உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளின் வளர்ச்சியை அளந்து பார்த்தது. போதிய உணவும் தாய்ப்பாலும் தூய்மையான சூழலும் கிடைத்த குழந்தைகள், எந்த நாட்டவராயினும், முதல் 5 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே விதமாகவே வளர்ந்தனர். 2006இல் வெளியான பன்னாட்டு வளர்ச்சி அளவீடுகள் இந்த ஆய்வின் மேல் எழுந்தவை. அந்த அளவீட்டில் வயதுக்குரிய உயரத்திலிருந்து குறிப்பிட்ட எல்லைக்கும் கீழே நிற்கும் குழந்தையின் நிலையே வளர்ச்சி குன்றல் எனப்படுகிறது. ஒரு வேளைப் பசியால் அது ஏற்படுவதில்லை. கருவறையிலிருந்து இரண்டாம் பிறந்த நாள் வரை நீளும் நெடிய பற்றாக்குறை எலும்பில் பதிந்துவிடுவதால் ஏற்படுவது. பிற்காலத்தில் எவ்வளவு நன்றாக உண்டாலும் இழந்த உயரத்தின் பெரும்பகுதி மீள்வதில்லை.

இலங்கை அரசே 2016இல் நடத்திய குடித்தொகை மற்றும் சுகாதார அளவாய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய நிலையில் நூற்றுக்கு 17 பேர். நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 15 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். மாவட்டம் மாவட்டமாகப் பார்த்தாலும் நுவரெலியாவில் நூற்றுக்கு 32 பேர் அந்நிலையில் இருந்தனர். எதிரணியினர் கட்டாயம் விடை சொல்ல வேண்டிய எண்கள் இவை. தோட்டப்புற மக்களின் முன்னோர் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வழியினர் கொழும்பு மாநகரில் ஒரு விதமாகவும் மலையில் வேறு விதமாகவும் வளர்ந்தால், அதற்கு மரபணுவில் காரணம் தேடுவது வீண். தாய்மார் வயிறு பெருத்த நிலையிலும் செங்குத்துச் சரிவில் நின்று கொழுந்து பறித்தது, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் விறகுப் புகை சூழ்ந்த ஒற்றைக் காம்பராவில் ஐந்தாறு பேர் உறங்கியது, தோட்டத்துக் குழந்தைகள் காப்பிடமான பிள்ளைக்காம்பராவில் விடப்பட்ட கைக்குழந்தைக்குத் தாய் வேலை முடிந்து திரும்பும்வரை தாய்ப்பால் எட்டாதது, அன்றாடக் கூலியில் அரிசியும் மாவும் வாங்கிய பின் முட்டைக்கும் பருப்புக்கும் மிஞ்சாதது: காரணங்கள் இவ்வளவு வெளிப்படையாக இருக்கின்றன. நாட்கூலி 1000 ரூபாய் என்பது அரசிதழில் வெளிவரவே 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் காலக்கணக்கு ஒன்று மறைந்திருக்கிறது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினியும் சாவும் பெருகின. அக்காலத்தில் லயத்தில் பிறந்து பிழைத்த பெண் குழந்தைகள் இன்று அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் வயதிலுள்ள பலருக்குத் தாயாகவோ பாட்டியாகவோ இருக்கும் வயதினர். உயரம் குன்றிய தாய்க்கு நிறை குறைந்த குழந்தை பிறப்பதும், அக்குழந்தை வளர்ந்து மறுபடியும் அதே நிலையில் தாயாவதும் மருத்துவம் நன்கறிந்த சங்கிலி. ஆதலால் 2025இல் ஓர் இளைஞரின் உச்சந்தலையில் அளவுச் சட்டம் தாழ்த்தப்படும்போது அங்கே அளக்கப்படுவது அவருடைய உடல் மட்டும் அன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளிடையே பங்கிடப்பட்டு, பொது மருத்துவத்துக்கும் பொதுக் கல்விக்கும் புறத்தே தோட்ட நிர்வாகத்தின் தயவில் விடப்பட்டிருந்த மூன்று தலைமுறையின் சோறும் சேர்த்தே அளக்கப்படுகிறது. அளப்பது இதே அரசு என்பதால்தான் இது வெறும் மருத்துவக் கேள்வியாக முடிந்துவிடுவதில்லை.

உயரம் வரலாற்றின் விளைவு என்பதற்கு உலகச் சான்றுகளும் உள்ளன. 1896க்கும் 1996க்கும் இடையில் பிறந்தவர்களின் உயரத்தை நாடுவாரியாக ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில், தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் அந்த நூற்றாண்டில் 20 சென்றிமீற்றருக்கும் மேலாகவும், ஈரானிய ஆண்களின் உயரம் 16 சென்றிமீற்றருக்கும் மேலாகவும் உயர்ந்திருந்தன. நூறாண்டில் ஓர் இனத்தின் மரபணு அவ்வளவு மாறுவதில்லை. அவர்களுடைய உணவும் வாழ்நிலையும்தான் மாறின.

எல்லோருக்கும் ஒரே அளவு என்பதே நீதி என்னும் இரண்டாம் வாதத்துக்கு உலகப் படைகளின் நடைமுறையே மறுப்பாக நிற்கிறது. இந்தியாவின் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில், அதாவது முப்படைகளுக்கும் இளம் அதிகாரிகளைத் தயாரிக்கும் கடக்வாஸ்லா நிறுவனத்தில், தரைப்படைக்கும் கடற்படைக்கும் இழிவெல்லை ஏறத்தாழ 157 சென்றிமீற்றர் எனக் குறிக்கும் அதே அறிவித்தல், கூர்க்கர், வடகிழக்கு மலைப்பகுதியினர், கார்வால், குமாவோன் பகுதியினர் ஆகியோருக்கு 5 சென்றிமீற்றரும், இலட்சத்தீவினருக்கு 2 சென்றிமீற்றரும் குறைவாக இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. கூர்க்கர் படைப்பிரிவுகளின் போர்த்திறனை உயரத்தைக் காட்டிக் குறைத்துப் பேசிய தளபதி எவரும் இல்லை. எனினும் மலையகத்துக்கான வாதத்தை இந்த முன்மாதிரியின் மீது மட்டும் நிறுத்துவது ஆபத்தானது. ஏனெனில் இந்தியத் தளர்வு இனத்தையும் நிலப்பகுதியையும் பிறவி இயல்பாகக் கருதி வழங்கப்படுவது. மலையகத் தமிழர் பிறவியிலேயே குள்ளமானவர் என்று ஒரு சட்டத்தில் எழுதி வைப்பதை எவரும் விரும்பக்கூடாது. அவ்வாறு எழுதினால், வறுமை விளைத்த கேடு இயற்கையின் விதியாகிவிடும். வேண்டுவது சமூகத்துக்கான தனி அளவுகோல் அன்று. தனிமனிதரை ஆராய்ந்து தீர்மானிக்கும் முறையே.

அத்தகைய முறைக்கு அமெரிக்காவில் முழுமையான வடிவம் உண்டு. அங்கே படைக் கழகங்களுக்கும் பல்கலைக்கழக அதிகாரிப் பயிற்சிக்கும் விண்ணப்பிப்போரைப் பாதுகாப்புத் துறையின் மருத்துவப் பரிசோதனை மீளாய்வுச் சபை ஆராய்கிறது. ஒருவர் வகுக்கப்பட்ட தரத்தை எட்டினாரா இல்லையா என்று சொல்வதோடு சபையின் வேலை முடிந்துவிடும். எட்டாதவரை விலக்களித்துச் சேர்ப்பதா என்பதைத் தீர்மானிப்பது அவர் விண்ணப்பித்த படைக் கழகமோ பயிற்சித் திட்டமோ. நோயின் இயல்பு, சிகிச்சையின் பயன், பணியின் தேவை ஆகியவற்றை எடைபோட்டு அது முடிவெடுக்கிறது. அளப்பவரும் தீர்ப்பவரும் வேறு வேறானவர் என்பதே இம்முறையின் வலிமை. இந்தியாவிலும், தேர்வு மருத்துவச் சபையால் தகுதியற்றவர் எனப்பட்ட அதிகாரி விண்ணப்பதாரர் 42 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மருத்துவச் சபையின் முன் செல்லவும், அதன் பின்னரும் மீளாய்வு கோரவும் வழி இருக்கிறது. விலக்களிப்பு தரத்தின் எதிரி என்றால் இவ்விரு பெரும்படைகளும் தம் தரத்தைத் தாமே அழித்துக்கொண்டவையாக வேண்டும்.

எழுதப்பட்ட வழி இல்லாத இடத்தில் விலக்களிப்பே இராது என்று நினைப்பதும் தவறு. அங்கே அது செல்வாக்குள்ளவருக்கு மட்டும் கிடைக்கும். ஜோன் எஃப். கெனடி 1941இல் முதுகு நோயால் அமெரிக்கத் தரைப்படையின் அதிகாரிப் பயிற்சிக்கு நிராகரிக்கப்பட்டார். பிரித்தானியாவுக்கான தூதராக இருந்த அவர் தந்தைக்கு நன்கு அறிமுகமான கடற்படைப் புலனாய்வுத் தலைவர் அலன் கேர்க்கின் உதவியால் அதே ஆண்டில் கடற்படை அதிகாரியானார். மிசூரியின் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹரி ட்ரூமனுக்கு அவ்வாறு கைகொடுக்க எவருமில்லை. 1905இல் தேசியக் காவல் படையில் சேர்வதற்காகப் பார்வைப் பரிசோதனை அட்டையின் எழுத்துகளை அவர் மனப்பாடம் செய்துகொண்டு போனார். பின்னர் 1918இல் பிரான்சுப் போர்க்களத்தில் பீரங்கி அணியொன்றுக்குத் தலைமை தாங்கினார். இருவரும் பின்னாளில் அமெரிக்காவின் அதிபரானவர்கள், இருவரும் களத்தில் தம் தகுதியை நிறுவியவர்கள். ஆனால் தூதரின் மகனுக்குத் திறந்த கதவு விவசாயியின் மகனுக்குப் பொய்யின்றித் திறக்கவில்லை. தோட்டத்து இளைஞருக்குத் தூதரான தந்தையும் இல்லை, கொழும்பில் தொலைபேசியை எடுத்துப் பேசும் உறவினரும் இல்லை. அவரைப் பொய்க்குத் தள்ளாத ஒரே வழி, அச்சிட்ட விதி.

மருத்துவத் தரம் எதற்கும் உதவாத சடங்கு என்று இங்கே வாதிடப்படவில்லை. வலிப்பு நோய், கடுமையான இதயக் குறைபாடு, கட்டுப்படாத ஆஸ்துமா போன்றவற்றை உடைய ஒருவரை வெடிமருந்தோடும் பாறை ஏற்றத்தோடும் பயிற்றுவது அவருக்கும் அவர் கீழ்ப் பணிபுரிவோருக்கும் தீங்கு. அங்கே விலக்களிப்புக்கு இடமில்லை, கேட்பதும் பொறுப்பற்ற செயல். இரத்தச்சோகை, சொத்தைப் பல், கண்ணாடியால் திருத்தக்கூடிய பார்வைக் குறை, குறைந்த நிறை ஆகியவை வேறு வகை. இவற்றுள் பல தோட்டத்துப் பிள்ளைக்கு முதன்முதலாகத் தெரிய வருவதே இத்தகைய பரிசோதனையின்போதுதான். சில மாத சிகிச்சையால் தீரக்கூடிய குறைக்கு வாழ்நாள் நிராகரிப்பு என்பது மருத்துவமும் அன்று, நிர்வாகமும் அன்று. மூன்றாவது வகையில்தான் உயரமும் மார்பளவும் அடங்கும். இவை நோய்கள் அல்ல. வலிமைக்கும் தாங்குதிறனுக்கும் அடையாளமாகப் பழைய படைகள் எடுத்துக்கொண்ட மேலோட்டமான குறிகள். அடையாளம் ஐயத்துக்கிடமானால் உண்மையையே நேரடியாகச் சோதிக்கலாம். சுமையோடு எவ்வளவு தூரம் நடக்கிறார், எவ்வளவு நேரத்தில் ஓடி முடிக்கிறார், களைத்த நிலையில் எப்படி முடிவெடுக்கிறார் என்பவற்றை அளக்கும் முறைகள் எல்லாப் படைகளிடமும் உள்ளன. முதுகில் கொழுந்துக் கூடையோடு நாள் முழுதும் மலையேறி இறங்கும் தாய்மாரின் பிள்ளைகள் அச்சோதனைக்கு அஞ்சப் போவதில்லை.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியா இப்பாடத்தைத் தன் மண்ணிலேயே கற்றது. அப்போது படையில் சேர 5 அடி 3 அங்குலம் வேண்டும் என்ற விதியால் வலிய சுரங்கத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் திருப்பி அனுப்பப்பட்டனர். 1914இன் இறுதியில் பேர்க்கன்ஹெட் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் அல்பிரட் பிக்லண்டின் முயற்சியால் 5 அடிக்கும் 5 அடி 3 அங்குலத்துக்கும் இடைப்பட்டோரைக் கொண்ட தனிப் படைப்பிரிவுகள் உருவாயின. அதற்கும் முன்பே, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு முன்வந்தோரில் பெருந்தொகையினர் உடற்றகுதியின்றி நிராகரிக்கப்பட்டபோது, அந்நாடு 1903இல் உடல்நலச் சீரழிவு பற்றி ஆராயக் குழுவொன்றை அமைத்தது; 1906இல் பாடசாலை உணவுக்கும் 1907இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கும் சட்டங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கண்ட நிராகரிப்புகளும் 1946இன் தேசியப் பாடசாலை மதிய உணவுச் சட்டத்துக்கு வழிசெய்தன; அச்சட்டம் பிள்ளைகளின் உணவை நாட்டுப் பாதுகாப்பின் பகுதியாகவே பேசுகிறது. அதில் கையொப்பமிட்ட அதிபர், பார்வை அட்டையை மனப்பாடம் செய்த அதே ட்ரூமன். ஆக, நிராகரிக்கப்பட்ட உடல்களைக் கண்ட அரசுகள் தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டன. இலங்கையில் மட்டும் விசாரணை நிராகரிக்கப்பட்டவரோடு நின்றுவிடுகிறது.

அந்தப் போயர் போரில் பிடிபட்ட ஆயிரக்கணக்கானோர் 1900இல் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு அடைக்கப்பட்ட இடங்களுள் தியத்தலாவையும் ஒன்று. இன்று இலங்கை இராணுவ அகடமி, அதாவது தரைப்படை அதிகாரிகள் உருவாக்கப்படும் நிலையம், அதே தியத்தலாவையில்தான் இருக்கிறது. அப்புத்தளை, பண்டாரவளைத் தேயிலைச் சரிவுகள் அதைச் சூழ்ந்துள்ளன. இம்மலைகள் படை அதிகாரிகளைத் தராத மலைகளும் அல்ல. 1900இல் உருவாகி 1949 வரை இருந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினர் இத்தோட்டங்களிலிருந்தே போனவர்கள். 1915இல் துருக்கியின் கலிப்பொலியில் நேச நாட்டுத் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகத்தைக் காத்தவர்களும் அவர்களுள் அடங்குவர். அப்படையில் ஐரோப்பியத் துரைமாருக்கே இடமிருந்தது. அவர்களின் ஆரோக்கியத்தைச் சம்பாதித்துக் கொடுத்த தொழிலாளரின் கொள்ளுப்பேரர் இன்று அகடமியின் வேலிக்கு வெளியே நின்று, அங்குலக் கணக்கில் தோற்கின்றனர்.

இனி, மலையகத்துக்குள்ளேயே எழும் எதிர்ப்பு. இந்த இராணுவத்தில் தமிழ் இளைஞருக்கு என்ன வேலை என்று பலர் கேட்கின்றனர். 1983இன் தமிழர் எதிர்ப்பு வன்முறையையும், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்த் தோட்டத்து இளைஞர் கைதானதையும், சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு நின்ற ஆண்டுகளையும் அனுபவித்த மக்களின் கேள்வி அது. அதை அற்பமாக ஒதுக்குவது நேர்மையாகாது. ஒருவர் இப்படையில் சேர மறுக்கலாம். அம்மறுப்புக்கு அரசியல் மாண்பும் உண்டு. ஆனால் மறுப்பதற்கு முதலில் வாய்ப்பு இருக்க வேண்டும். அளவுச் சட்டத்தால் வெளியேற்றப்பட்டவரின் நிலையைச் சமூகத்தின் கொள்கை முடிவு போலக் காட்டுவது, அடைக்கப்பட்ட கதவுக்குப் பூச்சூட்டுவதற்கு ஒப்பாகும். இன்னொன்றும் உண்டு: ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் பயிலிளவல் அதிகாரியாகச் சேர்பவர் அரசின் செலவில் மருத்துவமும் பொறியியலும் படிக்கலாம். ஆகவே உயரத் தடை துப்பாக்கியிலிருந்து மட்டும் அன்றி, பட்டத்திலிருந்தும் விலக்குகிறது. தம் பிள்ளையை எப்படைக்கும் அனுப்ப விரும்பாத பெற்றோருக்கும் இது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

சட்டத்தின் பெயரால் எழும் தடையும் உறுதியானதன்று. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பிறப்பிடத்தின் காரணமாகப் பாரபட்சம் காட்டுவதை விலக்குகிறது. அதே உறுப்புரை சிறப்பு ஏற்பாட்டைப் பெண்கள், சிறுவர், அங்கவீனர் ஆகியோருக்கே பெயர் குறித்து அனுமதிக்கிறது என்பதால், தோட்டத்து இளைஞருக்குத் தனிச் சலுகை கூடாது என்று வாதிடுவோர் உண்டு. தனிமனிதரை ஆராயும் விலக்களிப்பு எந்தச் சமூகத்துக்கும் உரிய சிறப்பு ஏற்பாடன்று. மொனராகலையின் வறண்ட நிலச் சிங்கள விவசாயியின் மகனும் கல்முனை மீனவரின் மகளும் அதே வழியில் வரலாம். தோட்டப்புறம் அதனால் கூடுதலாகப் பயன்பெறுமாயின், அங்கே பாதிப்பு கூடுதலாக இருப்பதே காரணம்.

ஆகையால் பாதுகாப்பு அமைச்சு செய்ய வேண்டியது கடினமானதும் அன்று, செலவு மிக்கதும் அன்று. சேர்ப்பு அறிவித்தலில் அளவுகள் அச்சிடப்படுவது போலவே, எக்குறைகளுக்கு விலக்களிப்புக் கோரலாம், யாரிடம் கோரலாம், எத்தனை நாளில் விடை கிடைக்கும் என்பனவும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட வேண்டும். அளந்த மருத்துவர் அல்லாத வேறொரு சபை முடிவெடுக்க வேண்டும். நிராகரிப்பின் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். திருத்தக்கூடிய குறைக்குக் கால அவகாசம் தரப்பட வேண்டும். பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடைபெற வேண்டிய மருத்துவப் பரிசோதனை தோட்டப் பாடசாலைகளில் தவறாமல் நடக்கிறதா என்று ஹட்டன், நுவரெலியாப் பாடசாலை அதிபர்களும் பெற்றோரும் விழிப்போடு கேட்க வேண்டும். 10ஆம் தரத்தில் கண்டறிந்த இரத்தச்சோகையை 18 வயதுக்குள் தீர்த்துவிடலாம்.

நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இல் வந்தது. அந்த ஆண்டில் பிறந்தவர் 2021இல் 18 வயதை அடைந்தார். மலையகத்தில், பிறந்த நாள் முதல் குடியுரிமைக் கேள்வி தீர்ந்த நிலையில் வளர்ந்த முதல் தலைமுறை இப்போதுதான் அரசின் வாசல்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. 2016இன் அளவாய்வில் வளர்ச்சி குன்றியோர் எனப் பதிவான தோட்டப்புறக் குழந்தைகளும் அவர்களின் பின்னால் வருகின்றனர். அவர்களுள் மூத்தவர்கள் 2029இல் 18 வயதை எட்டுவர். அந்தக் குழந்தைகளை முன்கூட்டியே அளந்து எண்ணி வைத்திருக்கும் அரசு, விலக்களிப்பு விதியை அந்த ஆண்டுக்கு முன் எழுதி வெளியிட வேண்டும்.